மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கும் வீட்டுக்கும் இலவசக் கணக்கு மென்பொருள்: எது சரிப்படும்?

செக்கடி_வெள்ளகோவில்:

வணக்கம். வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு வைத்து கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறோம். நானும் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். செக்குக்கு ஒரு ஆள், கடைக்கு ஒரு பெண். மாதம் ஏறக்குறைய 1,80,000 ரூபாய்க்கு விற்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லை.

தினசரி விற்பனைக்கு ஒரு நீள நோட்டு, கடனுக்கு வாங்குபவர்களுக்கு இன்னொரு நோட்டு. கடலை மண்டிக்கும் கொப்பரைக்காரருக்கும் தரவேண்டியதை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கிறோம். யுபிஐயில் வருவது பாதி என் சேமிப்புக் கணக்குக்கும் பாதி அவருடைய கரன்ட் அக்கவுண்டுக்கும் போகிறது. பால், காய்கறி, பிள்ளையின் வேன் ஃபீஸ் எல்லாம் கல்லாவில் இருந்துதான். செக்கு வாங்கிய கடனுக்கு மாதம் 9,400 தவணை.

வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

பழைய லேப்டாப் இருக்கிறது, விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். பேட்டரி செத்துவிட்டது, கரன்டில்தான் ஓடும். மாதாமாதம் சந்தா கட்டும் ஆப் வேண்டாம். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். தமிழில் எழுத முடிந்தால் நல்லது. நான் பி.எஸ்சி. தாவரவியல், காமர்ஸ் படித்ததில்லை.

டவுன்ஹால்_பையன்:

அக்கா, டேலி என்ற கணக்கு மென்பொருள்தான். ஆடிட்டர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். லைசென்ஸ் வாங்காமல் எஜுகேஷனல் மோடில், அதாவது பழகிப் பார்க்கும் முறையில், போட்டுப் பாருங்கள், இலவசம்தான். ஒரே ஒரு தொல்லை, அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் எண்ட்ரி போட முடியும். கிராக் செய்த காப்பி எல்லா ஊரிலும் கிடைக்கும், நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

விருதுநகர்_கணக்கு:

தம்பி, கிராக் காப்பியில் என்ன வைரஸ் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் பேங்க் லாகின் வைத்திருக்கும் லேப்டாப் அது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள். முறையாக லைசென்ஸ் வாங்கினால் டேலி நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. இந்த அம்மாவுக்கு இப்போது அது தேவையா என்பதுதான் கேள்வி.

அம்மா, நான் விருதுநகரில் மண்டிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டுக் கணக்கையும் மகளின் தையல் கடைக் கணக்கையும் குனுகேஷ் (GnuCash) என்ற மென்பொருளில் வைத்திருக்கிறேன். முழுக்க இலவசம். 1998-இல் முதல் பதிப்பு வந்தது, இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணையம் வேண்டாம், கணக்கு முழுதும் உங்கள் கணினியில் ஒரே ஃபைலாக இருக்கும். அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். மெனு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். கணக்குப் பெயரையும் விவரத்தையும் தமிழில் எழுதலாம், ஒழுங்காக ஏற்கும். தமிழ்த் தட்டச்சுக்கு அழகி, என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள்களில் ஒன்று போதும்.

எந்த மென்பொருளைப் போட்டாலும் உங்கள் கேள்விக்கு அது தானாகப் பதில் சொல்லாது. நீங்கள் கடையையும் வீட்டையும் ஒரே கல்லாவில் வைத்திருக்கிறீர்கள். கல்லா ஒன்றாகவே இருக்கட்டும், பரவாயில்லை. கணக்கில் மட்டும் பிரித்துவிடுங்கள். அதற்கு இரட்டைப் பதிவு வேண்டும். ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு இடத்தில் விழ வேண்டும். குனுகேஷ் அதைக் கட்டாயமாகக் கேட்கும். வெறும் வரவு செலவு ஆப்களில் அந்தக் கட்டாயம் இல்லை, அதனால்தான் அவற்றைச் சொல்லவில்லை.

முதலில் திறக்கும்போது நாணயம் கேட்கும், ஐஎன்ஆர் கொடுங்கள். பிறகு ஆயத்தக் கணக்குப் பட்டியல்களைக் காட்டும். பிசினஸ் பட்டியலைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்புகளாகக் கொட்டும். குறைந்தபட்சமானதை எடுத்துக்கொண்டு மீதியை நீங்களே திறங்கள். அசெட்ஸ் (சொத்து), லயபிலிட்டீஸ் (தரவேண்டியது), ஈக்விட்டி (உரிமையாளர் முதல்), இன்கம் (வருமானம்), எக்ஸ்பென்சஸ் (செலவு) என்று ஐந்து தாய்க் கணக்குகள் இருக்கும். இவற்றின் கீழே:

அசெட்ஸில் கல்லா, கரன்ட் அக்கவுண்ட், என் சேமிப்பு, கடன் நோட்டு பாக்கி, சரக்கு இருப்பு. லயபிலிட்டீஸில் கடலை மண்டி, கொப்பரைக்காரர், செக்குக் கடன். இன்கமில் விற்பனை என்று ஒன்று, அதற்குள் ரொக்கம், யுபிஐ, கடன் என்று மூன்று. எக்ஸ்பென்சஸில் ஆட்டிய சரக்கு, கரன்ட் பில், கூலி, வாடகை, பாட்டில் டின், கடன் வட்டி. ஈக்விட்டியில் "வீட்டுக்கு எடுத்தது". இந்தக் கடைசிக் கணக்குதான் உங்களுக்கு முக்கியம். பால், காய்கறி, வேன் ஃபீஸ் எல்லாம் அங்கே போக வேண்டும். கடைச் செலவில் எழுதவே கூடாது.

கடன் நோட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு திறக்காதீர்கள். டீக்கடை, மெஸ் மாதிரி பெரிய பாக்கி வைப்பவர்களுக்கு மட்டும் தனி. மற்றவர்களுக்கு நோட்டே போதும், மொத்தத் தொகை மட்டும் இங்கே இருக்கட்டும். இதில் கஸ்டமர், இன்வாய்ஸ் வசதியெல்லாம் உண்டு, 250 மில்லி எண்ணெய்க்கு அதைத் திறந்தால் கடையை நடத்த நேரம் இருக்காது.

ஏப்ரலில் இருந்து பழைய நோட்டை எல்லாம் ஏற்ற உட்காராதீர்கள். பாதியில் விட்டுவிடுவீர்கள். வருகிற 1-ஆம் தேதி காலை கல்லாவை எண்ணுங்கள், வங்கி இருப்பு பாருங்கள், கடலையும் கொப்பரையும் எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின் என்று எடை போட்டு வாங்கிய விலையில் மதிப்புப் போடுங்கள். மண்டி பாக்கியையும் கடன் நோட்டு பாக்கியையும் செக்குக் கடன் மீதியையும் எழுதுங்கள். இவைதான் ஓப்பனிங் பேலன்ஸ். அங்கிருந்து தொடங்குங்கள்.

தினசரிப் பதிவு இப்படி இருக்கும். ஒரு நாள் விற்பனை 6,350. அதில் ரொக்கம் 2,900, யுபிஐ 2,650, கடன் 800. பதிவேட்டில் ஸ்பிளிட் பொத்தானை அழுத்தினால் ஒரே பதிவுக்குள் பல வரிகள் விரியும். கல்லாவுக்கும் வங்கிக்கும் கடன் நோட்டுக்கும் ஒவ்வொரு வரி, எதிரே விற்பனைக்கு மூன்று வரி. அடுத்த பதிவு, கல்லாவில் இருந்து வீட்டுக்கு எடுத்தது 500. இரவு கடை சாத்துமுன் கல்லாவில் இருக்கும் நோட்டையும் சில்லறையையும் எண்ணி, திரையில் கல்லாக் கணக்கு காட்டும் இருப்போடு ஒத்துப்பாருங்கள். எங்கள் மண்டியில் கல்லா ஒத்துவராமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

கொள்முதலில் ஒன்று கவனிக்க வேண்டும். குனுகேஷில் சரக்கு எடை, டின் எண்ணிக்கை பார்க்கும் வசதி கிடையாது. பணக் கணக்கு மட்டும்தான். நீங்கள் கடலை வரத்து நேரத்தில் மூன்று மாதத்துக்கு வாங்கிப் போடுபவர்களாக இருந்தால், அதை அப்படியே செலவில் எழுதினால் அந்த மாதம் பெரிய நஷ்டம் காட்டும், அடுத்த இரண்டு மாதம் கொள்ளை லாபம் காட்டும். இரண்டும் பொய். ஆகவே 24,000-க்குக் கடலை வாங்கி 10,000 வங்கியில் இருந்து கொடுத்து 14,000 பாக்கி வைத்தால், சரக்கு இருப்பில் 24,000 ஏற்றுங்கள், எதிரே கரன்ட் அக்கவுண்ட் 10,000, கடலை மண்டி 14,000. மாதக் கடைசியில் மீதி மூட்டையை எடை போட்டு, தீர்ந்த அளவை மட்டும் "ஆட்டிய சரக்கு" செலவுக்கு மாற்றுங்கள்.

தவணை 9,400-ஐயும் முழுதாகச் செலவில் எழுதாதீர்கள். வங்கிச் சீட்டில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று இருக்கும். வட்டி மட்டும் செலவு. அசல், கடனைக் குறைக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொகை என் கற்பனை, உங்கள் விற்பனையை வைத்து ஊகித்தது. விற்பனை 1,80,000. ஆட்டிய சரக்கு 1,12,000, கூலி 14,000, வாடகை 8,000, கரன்ட் 6,500, பாட்டில் டின் 6,100, வட்டி 1,400. மொத்தச் செலவு 1,48,000. லாபம் 32,000. நல்ல லாபம்தான். அதில் வீட்டுக்கு எடுத்தது 24,000, கடன் அசல் 8,000. அங்கேயே 32,000 தீர்ந்தது. கடன் நோட்டு பாக்கி அந்த மாதம் 6,000 கூடியிருந்தால் அது எங்கிருந்து வந்தது? மண்டிக்குத் தரவேண்டியது 6,000 கூடியிருக்கும். ஊர் உங்களிடம் கடன் வாங்குகிறது, நீங்கள் மண்டியிடம் வாங்குகிறீர்கள். லாப நட்டக் கணக்கில் இது எதுவும் தெரியாது. ரிப்போர்ட்ஸ் மெனுவில் பேலன்ஸ் ஷீட்டை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் அறிக்கையை, இரண்டு மாதத்துக்கு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பணம் போன இடம் தெரியும்.

நூல்கண்டு_கரூர்:

விருதுநகர் ஐயா சொல்வதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. கடை இல்லை, வீட்டுக் கணக்கு மட்டும் என்றால் ஹோம்பேங்க் அல்லது மணி மேனேஜர் எக்ஸ் போதும், இரண்டும் இலவசம், கற்றுக்கொள்ள அரை நாள். ஜிஎஸ்டி போட்டு இன்வாய்ஸ் அடிக்க வேண்டும் என்றால் ஃப்ராப்பே புக்ஸ் பாருங்கள். அதுவும் இலவசம், இணையமில்லாமல் கணினியில் ஓடும், நம் ஊர் ஜிஎஸ்டியைத் தெரிந்து செய்தது. எங்கள் மெத்தை விரிப்பு யூனிட் பிரைவேட் லிமிடெட் ஆனதும் குனுகேஷை விட்டோம். கம்பெனி சட்டப்படி 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு தானாக இருக்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. குனுகேஷில் பழைய பதிவை யாரும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். தனி உரிமையாளர் கடைக்கு அந்த விதி இல்லை, அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம்.

வரிக்கணக்கு_சேலம்:

மென்பொருளுக்கு வெளியே ஒன்று. ஜிஎஸ்டி பதிவு இல்லை என்கிறீர்கள். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, நீங்கள் 22 லட்சத்துக்குள். சரி. ஆனால் பார்சலில் வெளி மாநிலத்துக்கு எண்ணெய் அனுப்பினால் அந்த வரம்பு உங்களுக்கு உதவாது, ஒரு பாட்டில் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். அனுப்புகிறீர்களா?

அப்புறம், விற்பனையை ரொக்கம், யுபிஐ என்று பிரிக்கச் சொன்னது மிகச் சரி. சிறு வணிகருக்கான உத்தேச வருமான முறையில் ரொக்கமாக வந்த விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழியே வந்ததற்கு 6 சதவீதம் லாபமாகக் காட்டலாம். பிரித்து வைத்திருந்தால் ஆடிட்டருக்கு வேலை மிச்சம்.

செக்கடி_வெள்ளகோவில்:

எல்லாருக்கும் நன்றி. சேலம் அண்ணா, பெங்களூரில் இருக்கும் நாத்தனார் தன் அபார்ட்மெண்ட்காரர்களுக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னும் அனுப்பவில்லை. நல்லவேளை சொன்னீர்கள்.

ஐயா, 1-ஆம் தேதி தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லா பெரும்பாலும் ஒத்துவருகிறது. மூன்று சந்தேகம். ஒன்று, "இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர்" என்று நான் திறக்காத கணக்கு ஒன்று தானாக வந்து நிற்கிறது, அதில் 1,250. இரண்டு, நேற்று கரன்ட் போய் லேப்டாப் அணைந்தது. மறுபடி திறந்தால் ஃபைல் பூட்டியிருக்கிறது, வேறு யாரோ பயன்படுத்தலாம் என்கிறது. இந்த லேப்டாப்பைத் தொடுவது நான் ஒருத்திதான். மூன்று, யுபிஐயில் 40 ரூபாய், 120 ரூபாய் என்று நாளுக்கு முப்பது வரி வருகிறது. பேங்க் ஸ்டேட்மெண்டை அப்படியே ஏற்ற முடியும் என்று படித்தேன். ஏற்றலாமா?

வீட்டுக்காரர் ஒரு விஷயம் கேட்கிறார். "வீட்டுக்கு எடுத்தது" கணக்கில் அவர் டீ, பெட்ரோல் எல்லாம் வரி வரியாகத் தெரிகிறதாம். அதை மறைக்க வழி உண்டா என்று!

விருதுநகர்_கணக்கு:

பெட்ரோல் கடை வேலைக்கு என்றால் கடைச் செலவில் "வண்டி" என்று ஒரு கணக்கு திறந்து அங்கே போடச் சொல்லுங்கள். டீயை மறைக்க மென்பொருள் எதுவும் எனக்குத் தெரியாது.

இம்பேலன்ஸ் வந்தால் ஒரு பதிவில் இரண்டாவது பக்கம் விடுபட்டிருக்கிறது என்று பொருள். பணம் எங்கிருந்து போனது என்று எழுதினீர்கள், எதற்கு என்று கணக்குப் பெயர் தரவில்லை, அதனால் மென்பொருள் தானே ஒரு கணக்கு திறந்து அங்கே தொங்கவிட்டிருக்கிறது. அந்தக் கணக்கை இரண்டு முறை கிளிக் செய்து திறங்கள், 1,250 வரி இருக்கும், தேதியும் இருக்கும். அநேகமாகப் பாட்டில் பில்லாக இருக்கும். இம்பேலன்ஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு சரியான கணக்கைப் போட்டு என்டர் அழுத்துங்கள், அந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும். வாரம் ஒருமுறை அது பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பூட்டு விஷயம் ஆபத்தில்லை. குனுகேஷ் திறந்திருக்கும்போது உங்கள் ஃபைலுக்குப் பக்கத்தில் எல்சிகே என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்றை வைக்கும், இரண்டு பேர் ஒரே சமயத்தில் திறந்து குழப்பிவிடாமல் இருக்க. மூடும்போது அதுவே அழித்துவிடும். கரன்ட் போனதால் அழிக்க நேரமில்லை. வேறு யாரும் திறக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் "ஓப்பன் எனிவே" கொடுங்கள். கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு எழுதியது போயிருக்கலாம். அதே ஃபோல்டரில் லாக் என்று முடியும் ஃபைல் இருக்கும், ஃபைல் மெனுவில் இம்போர்ட் போய் ரீப்ளே லாக் கொடுத்தால் அதையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்த ஃபோல்டரில் தேதியோடு நிறைய ஃபைல்கள் சேர்வதைப் பார்த்துப் பதறாதீர்கள், அவை பழைய நகல்கள். முப்பது நாள் ஆனதை அதுவே அழிக்கும். பிரிஃபரன்ஸஸில் ஆட்டோ சேவ் இடைவெளியைக் குறைத்து வையுங்கள். முடிந்தால் பேட்டரி மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுங்கள். ஃபைலுக்குக் கடவுச்சொல் வசதி இதில் கிடையாது, ஆகவே பென் டிரைவைக் கடை மேசையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

யுபிஐ வரிகளை ஏற்றலாம். வங்கி தரும் சிஎஸ்வி (எக்செல் மாதிரி பத்தி பத்தியாக இருக்கும்) ஃபைலில் எந்தப் பத்தி தேதி, எந்தப் பத்தி தொகை என்று சொன்னால் ஏற்கும். எந்த வரி எந்தக் கணக்குக்கு என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பதை நினைவில் வைத்து அடுத்த முறை தானே யூகிக்கும். ஆனால் நாளுக்கு முப்பது வரி உங்களுக்கு எதற்கு? ஒரு நாள் யுபிஐ மொத்தத்தை ஒரே வரியாக எழுதுங்கள். மாதக் கடைசியில் ரீகன்சைல் சாளரத்தைத் திறந்து ஸ்டேட்மெண்டில் இருக்கும் கடைசி இருப்பைக் கொடுங்கள், வரிகளை டிக் செய்யுங்கள், வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தால் ஒத்துவிட்டது. வராவிட்டால் எந்த நாள் மொத்தம் தவறு என்று தேடுவது சுலபம். முதலில் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை மாற்றுங்கள். எல்லாப் பணமும் கரன்ட் அக்கவுண்டுக்கே போகட்டும். உங்கள் சேமிப்புக் கணக்குக்குப் பணம் வேண்டும் என்றால் மாதம் ஒரு தொகை அங்கே மாற்றி "வீட்டுக்கு எடுத்தது" என்று எழுதிவிட்டால், அந்தக் கணக்கையே இந்த ஃபைலில் இருந்து எடுத்துவிடலாம்.

இன்னொன்று, பிரிஃபரன்ஸஸில் அக்கவுண்டிங் பீரியட் என்ற பக்கத்தில் தொடக்கத்தை ஏப்ரல் 1 என்றும் முடிவை மார்ச் 31 என்றும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அறிக்கைகள் எல்லாம் ஜனவரியில் தொடங்கும்.

செக்கடி_வெள்ளகோவில்:

1,250 பாட்டில் பில்லேதான் ஐயா! கியூஆர் மாற்றச் சொல்லிவிட்டேன். மாதம் முடிந்து பேலன்ஸ் ஷீட் எடுத்தேன். மண்டி பாக்கி கூடவில்லை. கடன் நோட்டுதான், ஒரே மாதத்தில் 11,400 ஏறியிருக்கிறது, அதில் பாதிக்கு மேல் ஒரு மெஸ். வீட்டுக்காரர் இன்று அங்கே சாப்பிடப் போயிருக்கிறார், வசூல் செய்யாமல் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆடிட்டருக்கு எதைக் கொடுப்பது? அவர் டேலி ஃபைல் கேட்கிறார்.

விருதுநகர்_கணக்கு:

டேலி ஃபைலாக இது தராது. டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்), லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் மூன்றையும் மார்ச் 31 தேதிக்கு எடுத்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். உங்கள் அளவுக் கடைக்கு அவர் அதை வைத்தே முடித்துவிடலாம். கூடுதலாகக் கேட்டால் பதிவுகளை சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து கொடுக்கலாம். மார்ச் 31 மாலை சரக்கை மறக்காமல் எடை போடுங்கள், புண்ணாக்கையும் சேர்த்து. அதை விற்ற பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று நீங்கள் இதுவரை சொல்லவே இல்லை.

செக்கடி_வெள்ளகோவில்:

அது மாமியார் கணக்கு ஐயா. அதில் நான் கை வைக்க முடியாது.